தனக்கொடிக்கு ஏற்ற எழுத்து

"இது கேள்வித்தாளா, காதுகுத்துப் பத்திரிகையா?"

செல்வகுமாரி டீச்சர் தாளை மேஜையில் அறைந்த வேகத்தில் பாக்யராஜின் டீ கிளாஸ் குதித்து நின்றது. பாகூர் கடைத்தெருவில் பத்திரிகை, பேனர், கேள்வித்தாள் எல்லாம் அடிக்கிற கடை அவனுடையது. அவன் அடித்த தாளில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வால் இருந்தது. வாலுக்கு நிழல் வேறு.

"இன்னா டீச்சர் இப்பிடிச் சொல்லிட்டீங்க! நீங்க எழுதிக் குடுத்த கையெழுத்தப் பாத்துத்தான் இத்தயே தேடிப் புடிச்சேன்."

அதைக் கேட்டதும் டீச்சரின் கோபம் கொஞ்சம் இறங்கியது. கையெழுத்துப் போட்டியில் கோப்பை வாங்கியவர் அவர். கோப்பை இன்னும் வீட்டில் டி.வி. பக்கத்தில்தான் இருக்கிறது.

"என் கையெழுத்து வேற, பரீட்ச வேற. ஏழாவதுல தனக்கொடின்னு ஒரு பொண்ணு. பார்வ கம்மி. கண்ணாடி போட்டும் எழுத்து ஒண்ணுமேல ஒண்ணு ஏறுதுன்றா. போன வருஷம் நல்லாப் படிச்சவ, என் வகுப்புக்கு வந்ததுலேர்ந்து ஃபெயில். இந்தத் தடவையும் போச்சுன்னா, டவுன்ல பார்வ இல்லாத புள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடுவேன்னு ஹெச்.எம். ஒத்தக் கால்ல நிக்கிறாரு. உன் வாலெழுத்தால ஒரு பொண்ணு ஊர விட்டுப் போவணுமா?"

பாக்யராஜ் வாலை வெட்டினான். எழுத்தைப் பெரிதாக்கினான். ஆனால் ஹெச்.எம். பச்சையப்பன் ஆளுக்கு ஒரு தாளுக்கு மேல் தர மாட்டார். மறுநாள் வந்த தாளில் எழுத்துகள் தீபாவளி பஸ்ஸில் ஏறியவர்கள் மாதிரி இடித்துக்கொண்டு நின்றன.

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பார்வை குறைந்த ஒரு பெண்ணுக்கு இன்னொரு தாள் கொடுத்தால் பள்ளிக்கூடம் முழுகிவிடுமா? பாக்யராஜுக்குப் போனைப் போட்டுக் கத்தினார்.

"பெருசா! தள்ளித் தள்ளி! அலங்காரமே கூடாது! எவ்ளோ பெருசானாலும் பரவால்ல, அந்தப் பொண்ணு தூரத்துல நின்னாலும் படிக்கணும்!"

"அவ்ளோதானே? உடுங்க டீச்சர். காலையில ஸ்கூலுக்கே கொண்டாந்துடறேன்."

பரீட்சையன்று காலை பள்ளி வாசலில் ஒரே கூட்டம். இரண்டு சவுக்குக் கழிகளுக்கு நடுவே பேனர் பளபளத்தது. மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்தில் அத்தனை கேள்விகளும் இருந்தன. பழக்க தோஷத்தில் மேலே 'வருக வருக' என்றும் போட்டிருந்தான். அபிஷேகப்பாக்கம் பஸ்ஸுக்கு நின்றவர்கள் மூன்றாவது கேள்விக்கு விடை சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாம்மா இது?" ஹெச்.எம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "கேள்வித்தாள ஊரே படிச்சுகினு இருக்குது!"

"படிக்கிற மாதிரி இருக்குதுல்ல சார்? நீங்க இன்னொரு தாள் குடுத்திருந்தா இந்தக் கூத்து இன்னாத்துக்கு?"

"ஞாயம் அப்பறம் பேசலாம். வேற கேள்வி யோசிச்சு நீங்களே போர்டுல எழுதிப் போடுங்க!"

இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? டீச்சர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு புது சாக்பீஸை எடுத்தார். கொம்புகள் சுழன்றன. கால்கள் நீண்டு, கீழ்வரியைத் தொட்டுவிட்டுத் திரும்பின. புள்ளிகூட குட்டிப் பூவாக விழுந்தது. அந்தக் கடைக்காரனுக்கு இது ஏழு ஜென்மத்துக்கும் வராது என்று நினைத்துக்கொண்டே திரும்பினார்.

எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். தனக்கொடியின் தாள் மட்டும் வெறுமையாக இருந்தது.

டீச்சர் அவள் பெஞ்சுக்கே போய் நின்றார். "உனக்காவ ஊரோட சண்ட போட்டுட்டு வந்திருக்கேன்டி! ஒரு வரியாவது எழுதக் கூடாதா? அவ்ளோ பெரிய பேனரு, அதுவுமா உனக்குத் தெரியல?"

தனக்கொடி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுந்து நின்றாள்.

"அது பஸ் ஸ்டாப்புலேர்ந்தே தெரிஞ்சுது டீச்சர். எழுத்து ஒண்ணுமேல ஒண்ணு ஏறுதுன்னு நான் சொன்னது கேள்வித்தாள இல்ல, உங்க போர்டத்தான்."