கூரை இறங்கிய மெர்க்குரி

காரின் கூரையை மூன்று அங்குலம் இறக்கி வெல்டிங் வைத்த மறுநாள் காலையில்தான் வெர்னன் அதன் மேல் சரிவு காட்டும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தான். இடப்பக்கம் தாழ்ந்திருந்தது.

கூரைத் தூண்களை அறுத்துக் காரைக் குள்ளமாக்குவது ஃப்ரெஸ்னோ ஊர் ஆண்களுக்கு ஒரு வியாதி. வெர்னனுக்கு அது முற்றிப்போயிருந்தது. சனிக்கிழமை மைத்துனி மேக்சினுக்குக் கல்யாணம். அவனுடைய பழைய மெர்க்குரி காரைத் தகர டப்பா என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் அவள்தான்.

"சர்ச் வாசல்ல அவ கண்ணு முன்னாடி நான் இதுலேருந்து ஜம்முனு இறங்கணும்," என்றாள் மனைவி ஆர்லீன். "இல்லேன்னா திங்கக்கிழமை இதை வித்துடுவேன். ஆள்கூடப் பாத்து வெச்சிருக்கேன்."

அவள் சொன்னால் செய்துவிடுவாள்.

வலப்பக்கத் தூண்களில் அரை அங்குலம் அறுத்தான். பற்றவைத்து, ஈயத்தை உருக்கிப் பூசி, வழவழவென்று அராவினான். மறுநாள் பார்த்தால் மறுபடியும் இடப்பக்கம் தாழ்ந்திருந்தது.

"ஈயம் ஆறும்போது இழுக்குது," என்று தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, வலப்பக்கத்தில் இன்னும் அரை அங்குலம் அறுத்தான். அதற்கடுத்த நாளும் அதே கதைதான்.

கண்ணாடி வெட்டுகிற ஹாய்ட்டுக்குப் பொறுமை போய்விட்டது. "ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைச் சின்னதாக்கிட்டே வர்றேன் வெர்னன். இன்னொரு தடவை வந்தேன்னா காதுல மாட்டிக்கிற மாதிரிதான் தருவேன்."

"இதோட முடிஞ்சுது."

"இதையேதான் நேத்தும் சொன்ன."

சனிக்கிழமை ஆர்லீன் பார்லரிலிருந்து வந்தாள். முடியை ஒரு முழ உயரத்துக்குத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். கார்க் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"நான் எங்க உக்கார்றது?"

"கொஞ்சம் குனிஞ்சுக்கோயேன்."

"எதுவரைக்கும்?"

"சர்ச் வரைக்கும்."

மோவாயை மார்பில் அழுத்திக்கொண்டு ஆர்லீன் வலப்பக்க இருக்கைக்குள் நுழைந்தாள். பாதி வழியில் கழுத்து பிடித்துக்கொண்டது.

"நீ மட்டும் நிமிந்து உக்காந்திருக்க. என் பக்கம் மட்டும் ஏன் இப்படி இடிக்குது?"

"கார் நேராத்தான் இருக்கு. நீதான் கோணலா உக்காந்திருக்க."

பெட்ரோல் பங்க்கில் நிறுத்தியதும், அவளைச் சமாதானப்படுத்த ரசமட்டத்தை எடுத்துக் கூரை மேல் வைத்தான். குமிழி நட்டநடுவில் நின்றது.

"நீயே வந்து பாரு ஆர்லீன். நூல் பிடிச்ச மாதிரி இருக்கு."

ஆர்லீன் கொண்டையைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, பங்க்குக்குள் போய்க் கண்ணாடியில் முடியைச் சரிசெய்தாள். வெர்னன் பெட்ரோலுக்குக் காசு கொடுக்க அவள் பின்னாலேயே போனான். இருவரும் திரும்பி வந்தபோது, டயர்களைச் சோதித்துக்கொண்டிருந்த பங்க்காரர் காரின் பின்னாலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பின்சக்கரத்தைத் தகடு போட்டு மூடியிருக்கீங்களே, அதான் உங்களுக்குத் தெரியல. இடப்பக்க டயர்ல ரொம்ப நாளா காத்து இறங்கிட்டே இருந்திருக்கு. நிரப்பிட்டேன் சார். ஆனா இப்ப கூரைதான் அம்மா உக்கார்ற வலப்பக்கமா சாஞ்சு நிக்குது."