மாதிரி நேர்முகத் தேர்வில் முதற்பரிசு

வேலையின்மை என்னும் அரக்கனை வீழ்த்த உலகமே வழியறியாது விழித்துக்கொண்டிருக்க, அவனை ஒரே முற்பகலில், குளிரூட்டிய மண்டபத்தில், சிற்றுண்டியோடு வீழ்த்திய பெருமை எங்கள் ‘கிள்ளான் பள்ளத்தாக்கு ஏழையர் வேலைவாய்ப்பு எழுச்சி மன்ற’த்துக்கே உரியது. அம்மன்றத்தின் செயலாளன் நான். தன்னடக்கம் கருதி இதற்குமேல் சொல்லேன்.

பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் கூட்டிய மாநாட்டின் பொருள், ‘நேரம் தவறாமையே முன்னேற்றம்’. தொடக்கம் காலை ஒன்பது, முடிவு பத்தரை. சிறப்புரை, ‘டத்தோ’ என்ற அரச விருதுப் பட்டம் பெற்ற ஒரு பிரமுகர். நம் மக்களிடம் ஒரு குறை உண்டு: சிறப்பு விருந்தினர் வருமுன்னே உணவுப் பொட்டலத்தோடு மறைந்துவிடுவார்கள். ஆகவே வாசலிலேயே அனைவரின் ‘ஐசி’ எனும் அடையாள அட்டைகளையும் வாங்கி, தகரப் பெட்டியில் இட்டு, டத்தோ பேசி முடிக்கும்வரை பூட்டிவைக்கும் ‘வருகை உறுதித் திட்ட’த்தை வகுத்தேன்.

பதினொரு மணிக்குக் குமுதா என்ற பெண் என் மேசைமுன் நின்றார். கிள்ளான் அடுக்குமாடி ஒன்றில் இரு பிள்ளைகளோடு வசிப்பவர். ஏழு மாதமாக வேலையில்லாதவர். அதாவது, எங்கள் பட்டியலிலேயே மிகத் தகுதி வாய்ந்தவர். அழைப்பிதழில் அச்சான பத்தரையை நம்பி ரயிலேறி வந்திருந்தார்.

“அண்ணே, என் ஐசியக் குடுத்துருங்க. ஒரு மணிக்கு தெலுக் பங்லிமா காராங் பிஸ்கட் ஃபேக்டரியில இன்டர்வியூ. ஐசி இல்லாம கேட்டுல காவலுக்கு நிக்கிற ஜாகா உள்ள விடமாட்டாரு.”

“டத்தோ வந்துக்கிட்டே இருக்காரு, தங்கச்சி. செராஸ்ல ஜாம்.”

“ஒம்போது மணிக்கும் செராஸ்லதான இருந்தாரு. அங்கயே வீடு பாத்துட்டாரா?”

நான் அசையவில்லை. ஒருவருக்காகப் பெட்டியைத் திறந்தால் நூற்றிருபது பேரும் வேலை தேடப் புறப்பட்டுவிடுவார்கள். பிறகு வேலைவாய்ப்பு மாநாட்டின் கதி என்னாவது?

காத்திருந்த பொழுதையும் நாங்கள் வீணாக்கவில்லை. டத்தோவை வரவேற்கும் கைதட்டலுக்கு மூன்று முறை ஒத்திகை பார்த்தோம். அடுத்து ‘மாதிரி நேர்முகத் தேர்வு’. மன்றத் தலைவர் சபாபதி மேடையில் முதலாளியாக அமர்ந்து குமுதாவை அழைத்தார். இவ்வேலை அவருக்கு எவ்வளவு அவசியம் என்பதை விளக்கச் சொன்னார்.

“இங்க உள்ள வேலை வேணாம் சார். அங்க உள்ள வேலை வேணும். இப்ப விட்டாக்கூட டாக்சி புடிச்சிப் போயிருவேன் லா.”

தலைவர் கண்கலங்கினார். இத்தகைய வேட்கையை முப்பதாண்டுப் பொதுவாழ்வில் கண்டதில்லை என்று நூற்றுக்கு நூறு வழங்கினார். முதற்பரிசு, ஓரடி உயரக் கோப்பை. அதையும் டத்தோதான் வழங்கவேண்டும் என்பதால், குமுதா இருந்தே ஆகவேண்டியதாயிற்று.

சரியாக ஒரு மணிக்கு, பிஸ்கட் ஆலையில் அவர் பெயரைக் கூப்பிட்டிருக்கக்கூடிய அதே மணித்துளியில், டத்தோ நுழைந்தார். ஒத்திகையின் பயனாகக் கைதட்டல் இடியென எழுந்தது. காலத்தை மதியாத இனம் கரையேறாது என்று ஐம்பது நிமிடம் முழங்கினார். கோப்பையைக் கொடுத்தபோது குமுதா மெல்லக் கேட்டார்:

“டத்தோ, இதக் காட்டுனா ஃபேக்டரியில உள்ள விடுவாங்களா?”

புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரிக்கும்படி டத்தோ அன்போடு அறிவுறுத்தினார்.

இரண்டு மணிக்குப் பெட்டி திறந்தது. மறுவாரம் நிர்வாகக் குழுவில் ஆலையின் கடிதத்தை நானே வாசித்தேன். எங்கள் மன்றத்தின் பெயர் பொறித்த கோப்பையோடு ஒரு பெண் மூன்றரை மணிக்கு வந்ததாகவும், அதற்குள் இடம் நிரம்பிவிட்டதாகவும், இனியேனும் ஆள்களை நேரத்துக்கு அனுப்புமாறும் அதில் எழுதியிருந்தது.

அவை கொதித்தது. வேலை கூப்பிட்டும் போகாத மக்களை எப்படி உயர்த்துவது என்று தலைவர் மனம் வெதும்பினார். ‘நம் பெண்களின் பின்னடைவுக்கு அவர்களின் பொறுப்பின்மையே காரணம்’ என்ற கண்டனத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. உயர்ந்த கைகளுள் முதலாவது, குமுதாவின் அட்டையைப் பூட்டிய கை.