முகவரியோடு வந்த அனானி

அனானி, அதாவது பெயர் சொல்லாதவர், என்று இணையத்தில் பின்னூட்டம் போட்டு, அதற்குக் கீழேயே தொழில், சந்து, அடையாளம் எல்லாம் எழுதி வைத்த ஒரே மனிதர் உலகத்திலேயே எங்கள் மஞ்சக்குப்பம் அனானி மாமாதான். பெயரை மறைத்துக்கொண்டு அடுத்தவரைத் திட்டுவதற்கென்றே ஏற்பட்ட வசதி அது. அதை இவ்வளவு மரியாதையாகப் பயன்படுத்தியவரை நான் பார்த்ததில்லை. அந்த மரியாதையால்தான், பல வருஷம் காத்திருந்து கைக்கெட்டும் தூரத்தில் வந்த என் பதவி உயர்வு போய்விடப் பார்த்தது.

நான் ஒரு பகுதிநேர வலைப்பதிவர். வீடு சிதம்பரத்தில், ஆபீஸ் கடலூர் மஞ்சக்குப்பத்தில். காலையில் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அன்றைக்கு நான் எழுத்தாளன், கிடைக்காவிட்டால் வெறும் அரசு ஊழியன். செல்போனில் தட்ட ஆரம்பித்தால் புதுச்சத்திரம் வருவதற்குள் ஒரு பத்தி, ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் இன்னொரு பத்தி. கடலூர் வரும்போது முடிவு வந்துவிட வேண்டும். வராவிட்டால் முடிவில்லாமலே பதிவேற்றிவிடுவேன். அதை நவீன பாணி என்று யாராவது நினைத்துக்கொள்ள மாட்டார்களா என்று ஒரு நப்பாசை.

ஊரே வீடியோ எடுத்துப் போடுகிற காலத்தில் நான் மட்டும் பிளாக் எழுதிக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது சொன்னால், போன மாதம் மூடிய கம்பெனியில் வேலை பார்ப்பவனைப் பார்ப்பது மாதிரி பரிதாபமாகப் பார்க்கிறார்கள். எத்தனை பேர் படித்தார்கள் என்று ஓரத்தில் ஓர் எண் காட்டும். தினமும் ஐந்து என்று இருக்கும். அதில் நாலு பேர் நானே, எண் ஏறியிருக்கிறதா என்று பார்க்கப் போய் வந்தது. ஐந்தாவது ஆள் என் மனைவி என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன்.

"நீங்க பொலம்பறத நேர்லயே கேக்கறேன். அதை எழுத்துல வேற படிக்கணுமா?" என்றாள்.

அப்படியானால் அந்த ஐந்தாவது ஆள் யார்? இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. மூன்றாம் நாள் பதில் வந்தது. சிதம்பரம் கொத்சு பற்றி ஒரு பதிவு போட்டிருந்தேன். அதற்குக் கீழே என் வாழ்நாளின் முதல் பின்னூட்டம் இப்படி இருந்தது:

"அனுப்புநர்: அனானி, மனு எழுதுபவர் மற்றும் ஜெராக்ஸ், மைதானத்துக்கு எதிர்ச் சந்து, மஞ்சக்குப்பம். பெறுநர்: உயர்திரு பதிவர் அவர்கள். பொருள்: கொத்சு – கத்தரிக்காயைச் சுடுவதா, வேகவைப்பதா – தெளிவுரை வேண்டுதல் – தொடர்பாக. பார்வை: தங்கள் பதிவு, மூன்றாம் பத்தி. ஐயா, வணக்கம்."

இப்படிப் போய், "ஆகவே சமூகம் ஐயா அவர்கள் கருணை கூர்ந்து" என்று முடிந்து, "இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, அனானி" என்று கையெழுத்தும் ஆகியிருந்தது.

அந்தச் சந்து எங்கள் ஆபீஸிலிருந்து கூப்பிடு தூரம். மதியம் சாப்பிட்டதும் போனேன். ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு நீள பெஞ்சு, அதில் மனு எழுதக் காத்திருக்கும் ஏழெட்டு பேர். நடுவில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் இன்னொரு கண்ணாடி. மூக்கில் இருப்பது மனுவைப் பார்க்க, நெற்றியில் இருப்பது மனு கொடுக்க வந்தவரைப் பார்க்க. அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் அவர் மாமா. அவருக்கு எல்லாரும் மாப்ள.

"நீங்கதான் அனானியா?" என்று கேட்டதும் பதறிப்போய் என்னை மெஷினுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"மெதுவா பேசு மாப்ள. எப்படிக் கண்டுபுடிச்ச?"

"அட்ரஸ் போட்டிருந்தீங்களே மாமா."

"அட்ரஸ் போடலன்னா அது மொட்டக்கடுதாசி. பிரிச்சுக்கூட பாக்காம குப்பையில போட்ருவாங்க. முப்பது வருஷமா மனு எழுதறவன், எனக்குத் தெரியாதா? பேர மறைக்கலாம், அட்ரஸ மறைக்கக் கூடாது."

அன்றைக்கே அவருக்கு அனானி மாமா என்று பெயர் வைத்துவிட்டேன். என் ஆபீஸில் ஆரம்பித்து அந்தச் சந்து முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது. அவருக்கு அதில் மகா சந்தோஷம்.

விசாரித்ததில் தெரிந்தது, அவர் என் பதிவுகளைப் படிப்பதோடு நிறுத்துவதில்லை. ஒவ்வொன்றையும் பிரதி எடுத்து, பெஞ்சில் காத்திருப்பவர்களுக்குப் படிக்கக் கொடுக்கிறார். பட்டா மாற்ற வந்தவர், முதியோர் பென்ஷனுக்கு வந்தவர் எல்லாரும் தங்கள் முறை வரும்வரை என்னைப் படித்தே ஆக வேண்டும். என் இலக்கிய வாசகர் வட்டம் என்பது இந்தப் பெஞ்சுதான்.

அதில் நெல்லிக்குப்பத்திலிருந்து கரும்பு விஷயமாக வந்த ஒரு விவசாயி, பஸ் சீட்டில் துருத்திக்கொண்டிருந்த ஆணி என் பேன்ட்டைக் கிழித்த பதிவைப் படித்திருக்கிறார். படித்துவிட்டு, "பாவம், மொதல்ல இவுருக்கு ஒரு மனு போட்டுக் குடுங்க, எனக்கு அப்புறம் போட்டுக்கலாம்" என்றிருக்கிறார். மாமா உடனே போட்டுவிட்டார். எங்கே அனுப்பினாரோ, எந்த டேபிளுக்குப் போய்ச் சேர்ந்ததோ தெரியாது. அடுத்த வாரம் பஸ் நிறைய ஆள் இருக்கும்போது கண்டக்டர் ஒரு தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு, "சிதம்பரத்துலேர்ந்து மஞ்சக்குப்பம் ஆபீஸுக்குப் போற, பேன்ட் கிழிஞ்ச சார் யாருங்க?" என்று சத்தமாகக் கேட்டார். மொத்த பஸ்ஸும் திரும்பியது. அன்றிலிருந்து அந்த சீட்டில் ஆணி இல்லை. பஸ்ஸில் எனக்கு மானமும் இல்லை.

நான் சுதாரித்துக்கொண்டிருக்க வேண்டும். புத்தி வரவில்லை. வாரத்தில் நாலு நாள் வீட்டில் உப்புமா என்று விளையாட்டாக ஒரு பதிவு போட்டேன். நாலாம் நாள் என் மனைவி பெயருக்குத் தபால் வந்தது. பொருள்: உப்புமா – வாரம் இருமுறையாகக் குறைத்து வழங்கக் கோருதல் – தொடர்பாக. எங்கள் வீட்டு முகவரியை என் ஆபீஸிலேயே யாரிடமோ கேட்டு வாங்கியிருக்கிறார். அவள் அதை இரண்டு முறை நிதானமாகப் படித்தாள். பேனாவை எடுத்து ஓரத்தில், "பரிசீலிக்கப்பட்டது. ரவை தீரும் வரை தற்போதைய நடைமுறையே தொடரும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, "உங்க மாமாகிட்ட குடுத்துடுங்க" என்றாள். அந்த வாரம் ஏழு நாளும் உப்புமா. மாமாவோ அந்தப் பதிலைப் பார்த்துவிட்டு, இவ்வளவு தெளிவாக உத்தரவு போடும் அதிகாரி மாவட்டத்திலேயே கிடையாது என்று புகழ்ந்தார்.

சரி, இப்போது பதவி உயர்வு விஷயத்துக்கு வருகிறேன். அந்த வருஷம் கண்காணிப்பாளர் பதவிக்கான பட்டியலில் என் பெயர் இருந்தது. சின்னதாக ஒரு மெமோ வந்தாலும் பெயரை அடித்துவிடுவார்கள். ஆபீஸில் தும்மினால்கூட அனுமதி கேட்டுவிட்டுத்தான் தும்மினேன். ஆனால் கை சும்மா இருக்குமா? எங்கள் மேலதிகாரி மேடம் சாயங்காலம் நாலரைக்கு மேல்தான் மீட்டிங் வைப்பார். என் பஸ் போய்விடும். அதைப் பற்றி, ஊர் பெயர் ஆபீஸ் பெயர் எதுவும் இல்லாமல், "எங்கள் மீட்டிங்கில் சுவர்க் கடிகாரம் மட்டும்தான் வேலை செய்யும்" என்று எழுதிவிட்டேன். புனைபெயரில்தானே எழுதுகிறோம், யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம்.

மாமா அதைப் படித்து மனம் பொறுக்காமல் நேராக மேடத்துக்கே மனு அனுப்பிவிட்டார். பொருள்: மாலை நேரக் கூட்டம் – சிதம்பரம் பஸ்ஸைத் தவறவிடும் ஊழியர் – நேரத்தை மாற்றி உதவக் கோருதல் – தொடர்பாக. பார்வை: மேற்படி ஊழியரின் வலைப்பதிவு, நகல் இணைக்கப்பட்டுள்ளது. எங்கள் ஆபீஸில் சிதம்பரத்திலிருந்து வருகிறவன் நான் ஒருவன்தான். மறுநாள் மேஜையில் மெமோ. ஒரு வாரத்தில் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும்.

நேரே சந்துக்குப் போய், பெஞ்சில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். உங்களை யார் மனு போடச் சொன்னது, நான் என்ன உங்களிடம் வந்து அழுதேனா, என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டீர்களே என்று என்னென்னவோ சொன்னேன். சொல்லக் கூடாததும் ஒன்றிரண்டு வந்துவிட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "கஷ்டம்னு எழுதியிருந்தியே மாப்ள. கஷ்டத்த எழுதுனா யாராவது தீத்து வெக்கணும்ல? இல்லன்னா எதுக்கு எழுதற?"

"சும்மாதான்" என்றேன். கோபத்தில் சொன்னாலும், உண்மையில் எனக்கு வேறு பதில் தெரியவில்லை.

அன்றைக்கு பஸ்ஸில் இடம் கிடைத்தும் நான் எழுதவில்லை. பிளாக்கைப் பூட்டிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து மேடம் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். போனேன். உள்ளே மாமா நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு, இரண்டு கண்ணாடியையும் பையில் வைத்துக்கொண்டு. அவர் மேடத்திடம் சொல்லிக்கொண்டிருந்தது இதுதான்: அந்தப் பதிவுகள் எல்லாவற்றையும் எழுதியது அவர், நான் ஒன்றும் அறியாதவன்.

"இவுரு அப்பாவி மேடம். இவுருக்கு எழுதவே வராது" என்றார்.

எனக்கு நன்றி சொல்வதா, சண்டை போடுவதா என்று தெரியவில்லை. மேடம் என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் தள்ளி, "அப்ப இங்கயே பஸ்ஸைப் பத்தி நாலு வரி எழுதுங்க" என்றார்.

மாமா தாளை வாங்கினார். இடது பக்கம் ஓரத்துக்கு அழகாக மடித்தார். மூக்கில் இல்லாத கண்ணாடியைத் தேடி, பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார். எழுத ஆரம்பித்தார். எட்டிப் பார்த்தேன். 'அனுப்புநர்' என்று போட்டுக் கோடும் இழுத்துவிட்டார். அடித்துவிட்டு மறுபடி எழுதினார். 'பொருள்: பஸ் – நெரிசல் – தொடர்பாக.' அதையும் அடித்தார். மின்விசிறிக் காற்றிலும் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. மூன்றாவது தடவை 'ஐயா' என்று எழுதி, மேடத்தைப் பார்த்துவிட்டு அதை 'அம்மா' என்று மாற்றினார். அதற்கு மேல் பேனா ஓடவில்லை.

மாமா பேனாவை மூடி வைத்துவிட்டுப் பேசினார்.

"வரல மேடம். முப்பது வருஷமா அடுத்தவங்க கஷ்டத்தத்தான் எழுதறேன். எழுதி எழுதி எல்லாமே ஒரே மாதிரி ஆயிடுச்சு. எங்க கடைக்கு வர்றவங்க அழுதுகிட்டேதான் வருவாங்க. இவுரு எழுதுனதக் கையில குடுத்தா, காத்துக் கெடக்கிற நேரத்துல கொஞ்சம் சிரிக்கிறாங்க. இப்ப இவுரு எழுதறத நிறுத்திட்டாரு. பெஞ்சில வந்து கேக்கறாங்க, நான் என்ன சொல்றது? தப்பு என்னுது. மெமோவ எனக்குக் குடுங்க."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அரசு அலுவலகத்தில், மேலதிகாரி முன்னால், கண் கலங்குவதற்கு விதியில் இடமிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

மேடம் என் மெமோவை எடுத்து, 'நேரில் விளக்கம் பெறப்பட்டது, மேல் நடவடிக்கை தேவையில்லை' என்று எழுதினார். "ஆபீஸப் பத்தி இனிமே ஒரு வரி வரக் கூடாது" என்றார் என்னிடம். அப்புறம் மாமாவிடம், "மீட்டிங் மூணு மணிக்கு மாத்தியாச்சு. உங்க மனுவுக்குப் பதில் எழுதி அனுப்பணுமா, இல்ல இது போதுமா?" என்று கேட்டார்.

"எழுத்துல இருந்தா நல்லது மேடம்" என்றார் மாமா. மனுஷன் அப்போதும் விடவில்லை.

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். நான் பேசியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். அவர் காதில் வாங்கவே இல்லை. டீயில் சர்க்கரை ஜாஸ்தி என்று கடைக்காரரிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்.

பதவி உயர்வு வந்தது. கூடவே இடமாற்றமும் வந்தது, வேறெங்கும் இல்லை, எங்கள் சிதம்பரத்துக்கே. வீட்டிலிருந்து நடந்தே போகிறேன். பஸ் இல்லை, ஆணி இல்லை, பிளாக்கைத் திறந்து வைத்தும் எழுதப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் சனிக்கிழமை காலையில் கடலூர் பஸ்ஸில் ஏறிவிடுகிறேன். லீவு நாளில் அங்கே என்ன வேலை என்று மனைவி கேட்பாள். பழைய ஆபீஸில் கொஞ்சம் வேலை என்பேன். போய், பட்டாவுக்கும் பென்ஷனுக்கும் வந்தவர்களோடு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். என் முறை வந்ததும் மாமா நெற்றிக் கண்ணாடியை இறக்கி, "சொல்லு மாப்ள, என்ன கஷ்டம்?" என்று கேட்பார். ஒன்றுமில்லை மாமா, உங்களைப் பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கும். அதனால் வாரா வாரம் ஏதாவது ஒரு கஷ்டத்தை யோசித்து வைத்துக்கொண்டுதான் போகிறேன்.