மூக்கு அண்ணாச்சிக்குக் கண்ணீர் அஞ்சலி

சங்கரன்கோவிலில் செத்த பிறகு டீ குடித்த ஒரே மனிதர் மூக்கு அண்ணாச்சிதான். கண்ணால் பார்த்த சாட்சி நான். டீ வாங்கிக் கொடுத்தவனும் நான். அவரைக் கொன்றவனே நான்தான் என்றும் ஊரில் சொல்கிறார்கள், மறுப்பதற்கில்லை.

ரத வீதி ஜவுளிக்கடை வாசலில் கோமாளி வேஷத்தில் நின்று, கையாட்டி ஆட்களை உள்ளே அழைப்பது அவர் உத்தியோகம். நிஜப் பெயர் கடை முதலாளிக்கே தெரியாது. சிவப்பு மூக்கை மாட்டிக்கொண்டு அவர் சிரித்தால் குழந்தைகள் வீறிட்டு அலறும். தாய்மார்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் ஓடுவார்கள். வியாபாரம் அமோகம்.

அவருக்கு ஒரே ஒரு துக்கம். வாசுதேவநல்லூரில் இருக்கும் தம்பி பதினோரு வருஷமாகப் பேசுவதில்லை. தம்பி கல்யாணத்தன்று எங்கேயோ ஒரு கடைத் திறப்பு விழாவை முடித்தவர், முகூர்த்தம் தவறிவிடுமே என்று வேஷத்தோடே மணமேடை ஏறிவிட்டார். பெண்ணின் அம்மா மயங்கி விழுந்தாள். தாலி கட்டும் போட்டோவில் மாப்பிள்ளை முகம் இருக்க வேண்டிய இடத்தில் இன்றைக்கும் ஒரு சிவப்பு மூக்குதான் இருக்கிறதாம்.

தினமும் மதியச் சாப்பாட்டுக்கு முன் தம்பிக்குப் போன் போடுவார். இரண்டு ரிங் போகும், கட் ஆகும்.

"உசுரோட இருக்கான். அது போதும் வே" என்று இலையை விரிப்பார்.

இவரை வைத்துக் குறும்படம் எடுக்கக் கிளம்பினேன். நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். என்னைக் கண்டதும் சந்துக்குள் ஒளியும் ஊருக்கு என் கலைமுகத்தையும் காட்ட ஆசை. மனசு நொந்த ஒரு கோமாளி செத்துப்போகிறான். அதையும் வேடிக்கை என்று நினைத்து ஊரே சிரிக்கிறது. டார்க் காமெடி.

"அப்படின்னா என்னவே?"

"பாக்கிறவன் சிரிக்கணும் அண்ணாச்சி. சிரிச்சிட்டு, ஏன் சிரிச்சோம்னு வெக்கப்படணும்."

"எந் தம்பி கல்யாணம் மாதிரின்னு சொல்லும்."

ஊர்வலக் காட்சிக்கு அவர் படம் போட்ட கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்று தேவைப்பட்டது. அச்சகத்தில் நூறுக்குக் குறைந்து அடிக்க மாட்டோம் என்றார்கள். ஒன்றை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஓரமாக வைக்கும்படி போஸ்டர் ஒட்டுகிறவரிடம் சொன்னேன். செத்தவர் போஸ்டரை ஓரமாக வைப்பது அவருடைய தொழில் தர்மத்தில் கிடையாது. பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், போதாததற்கு வாசுதேவநல்லூர் பஸ்ஸின் முதுகு வரை ஒட்டித் தள்ளிவிட்டார். 'இறுதி ஊர்வலம் இன்று மாலை நான்கு மணி.' வாசகம் அடியேனுடையது.

எனக்கு இது எதுவும் தெரியாது. படப்பிடிப்பு அவசரத்தில் அண்ணாச்சி அன்றைய மதியப் போனையும் மறந்துவிட்டார். நான்கு மணிக்கு அவரை வேஷத்தோடு பாடையில் படுக்கவைத்தேன்.

"நான் கட் சொல்லுத வரைக்கும் அசையக்கூடாது."

துணை நடிகர்களாக எட்டுப் பேரைக் கூப்பிட்டிருந்தேன். வீதி நிறைந்துவிட்டது. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒரு வேனே வந்து நின்றது. "வேசத்தோடதான் எடுக்கணும்னு கடைசி ஆசையாம்" என்று யாரோ சொன்னார்கள். கேமராவையும் யாரும் சந்தேகிக்கவில்லை. இப்போதெல்லாம் சாவுக்கும் வீடியோ உண்டே. ஓர் அம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பிரமாதம் என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவள் பார்த்த பார்வை இன்னும் முதுகில் சுடுகிறது.

அப்போது கையில் மாலையும், சவத்துக்குப் போர்த்தும் கோடித் துணியுமாக ஒருவர் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து பாடைமேல் விழுந்தார்.

"அண்ணே! நேத்துகூட போன் அடிச்சியே! கட் பண்ணிட்டேனே, பாவி!"

தம்பி!

நான் 'கட்' என்று ஒரே ஒரு சொல் சொல்ல வேண்டும். வாய் திறந்தது, காற்றுதான் வந்தது. அண்ணாச்சியும் எழவில்லை. எழுந்தால் தம்பி மறுபடி பேசாமல் போய்விடுவானே! மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். கண்தான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. வெள்ளைப் பூச்சை அறுத்துக்கொண்டு ஒரு கோடு காது வரை இறங்கியது.

"ஏலே, பொணம் அழுவுதுலே!"

அடுத்த நிமிஷம் வீதியில் செருப்புகள் மட்டுமே மிஞ்சின. ஓடாமல் நின்றவர் தம்பி ஒருவர்தான். இயக்குநர் டீக்கடை பெஞ்சுக்கு அடியில் இருந்தார்.

அண்ணாச்சி மெல்ல எழுந்து உட்கார்ந்தார். "சினிமாதான்டே..."

பளார்! சிவப்பு மூக்கு பெஞ்சு வரைக்கும் உருண்டு வந்தது. அடித்த கையாலேயே தம்பி அண்ணனைக் கட்டிக்கொண்டார்.

"நீ வெளங்கவே மாட்டண்ணே! அன்னைக்கு எங் கல்யாணத்தைக் கெடுத்த. இன்னைக்கு உஞ் சாவையும் கெடுத்துட்டியே!"

தம்பியின் தோளுக்கு மேலாக அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "நீரு கட் சொல்லலியே வே." பெஞ்சுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, ஒரு டீ வாங்கி நீட்டினேன்.

படம் அதோடு நின்றுபோனது. மதியப் போன் மட்டும் இப்போது தம்பியிடமிருந்து வருகிறது.

"இருக்கியா?"

"இருக்கேன்டே."

அவ்வளவுதான் பேச்சு. அண்ணாச்சி இலையை விரிப்பார்.

நானும் மதியம் அந்த ஜவுளிக்கடை வழியாகத்தான் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறேன். சுற்றுவழிதான். வாசலில் அந்தக் கை ஆடுவதைப் பார்த்துவிட்டால்தான் சோறு இறங்குகிறது.