சத்தமில்லாத கம்ப்ரசர் வேண்டி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் மாமாவும் சௌக்கியம். கம்ப்ரசரைத் தவிர வீட்டில் எல்லாமே சௌக்கியம். அங்கே நீயும் உன் மனைவியும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை. போன வாரம் "எப்படி இருக்கே" என்று கேட்டதற்கு நீ அனுப்பியது ஒரு கட்டைவிரல் படம். மஞ்சளாக இருந்தது. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, எதற்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார்.

அடுத்த மாதம் உனக்கு லீவு என்றும், மலைக்குப் போவதா கடலுக்குப் போவதா என்று இன்னும் முடிவாகவில்லை என்றும் உன் மனைவி சொன்னாள். அது முடிவாவதற்குள் இந்தக் கடிதம் வந்து சேர வேண்டும் என்றுதான் வேகமாக எழுதுகிறேன், கோழிக் கிறுக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள். எனக்குச் சத்தம் போடாத கம்ப்ரசர் ஒன்று வேண்டும். அதை நீ நேரில் வந்துதான் தேர்ந்தெடுத்துத் தர வேண்டும்.

காரை விற்ற பிறகு ஷெட் சும்மா கிடந்தது உனக்குத் தெரியும். எங்கள் நூலகத்தில் கழித்துப் போடும் நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடிக்க ஆரம்பித்தேன். பிரஷ்ஷால் அடித்தால் கோடு கோடாக, அரைகுறையாகச் சீவிய தலை மாதிரி வருகிறது என்று ஸ்ப்ரே கன் வாங்கினேன். அதற்குக் காற்று வேண்டும், காற்றுக்குக் கம்ப்ரசர் வேண்டும். ஷெட்டின் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நர்ஸ் குடியிருக்கிறாள், இரவெல்லாம் ஆஸ்பத்திரி, பகலெல்லாம் தூக்கம், அவளுடைய கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடக்கிறது. ஊரில் உள்ளவர்களை எல்லாம் சத்தம் போடாதீர்கள் என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் நான். என்னால் ஒரு பெண்ணின் தூக்கம் கெடலாமா? அதனால்தான் கடைக்குப் போனபோது உன்னை வீடியோவில் கூப்பிட்டேன். கடைத்தெருவே இரைச்சல், என் காதை நம்ப முடியவில்லை. உன் காது சின்ன வயதிலேயே பேர்போன காது, அப்பாவின் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பும்போதே பாடப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்கிறவன் நீ. கடைக்காரர் மெஷினை ஓடவிட்டார், நான் போனை அதன் வயிற்றோடு வைத்துப் பிடித்தேன். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "அக்கா, ஓடுதா இல்லையா? ஒண்ணுமே கேக்கலையே. பூனை மாதிரி இருக்கு, கண்ணை மூடிட்டு வாங்கு." கண்ணை மூடிக்கொண்டு வாங்கினேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து சுவிட்சைப் போட்டதும் உன் பூனை என்ன செய்தது என்று கேள். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது, ஆணியில் தொங்கிய சுத்தியல் தானாகக் கீழே விழுந்தது, மாமா செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடினார். நர்ஸ் தலையணையைக் கையில் பிடித்துக்கொண்டே வந்து நின்றாள். அதுவரை என்னை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பெண், "ஆன்ட்டி, உங்க வீட்டுக்குள்ள லாரி ஏதாவது பூந்துடுச்சா?" என்று கேட்டாள். லாரியைவிட அந்த ஆன்ட்டிதான் எனக்கு வலித்தது. பிறகு நான் செய்யாத வைத்தியம் இல்லை. கனமான போர்வையால் மூடினேன், உள்ளே சூடு ஏறி, கருகின வாசனை வந்து, வீடு முழுக்க மின்சாரம் போனது. குளியலறையில் வைத்து நீளமான ஹோஸ் போட்டு இழுத்தேன், நாலு பக்கமும் டைல்ஸ் சேர்ந்து பாட ஆரம்பித்து ஒரு சத்தம் நாலு சத்தம் ஆயிற்று. கம்ப்ரசரின் டேங்க்கில் தண்ணீர் சேரும், அடியில் உள்ள திருகைத் திறந்து அவ்வப்போது வடிக்க வேண்டும் என்று கூட வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. காற்றை இறக்கிவிட்டுத்தான் திறக்க வேண்டும் என்பதை அடுத்த பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். நான் திறந்த நேரத்தில் மாமா வெள்ளைச் சட்டையோடு குனிந்து, எங்கே சத்தம் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேல் பீய்ச்சிய துருத்தண்ணீரின் கறை இன்னும் போகவில்லை. சட்டையை நான் தூக்கி எறியவும் இல்லை.

உன் காது எப்படி ஏமாந்தது என்பதுதான் என்னைக் குடைந்தது. ஒருநாள் மாமாவைப் படுக்கையறையில் போனோடு உட்கார வைத்துவிட்டு, ஷெட்டில் மெஷினைப் போட்டு, அதன் பக்கத்தில் நின்றபடி அவரைக் கூப்பிட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இந்தக் காதுல இடி இடிக்குது. போன் வெச்ச காதுல நீ மட்டும் தனியா, கோயில் மாதிரி அமைதியா பேசறே." ஆக, குற்றம் உன் காதின் மேல் இல்லை. இந்த போன் நாம் பேசுவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற சத்தத்தை எல்லாம் வழியிலேயே துடைத்துப் போட்டுவிடுகிறதாம். மாமா இதைப் பெரிய விஞ்ஞான முன்னேற்றம் என்றார். நான் அங்கேயே ஒரு நாற்காலியில், பெயிண்ட் காயவில்லை என்பதைக்கூட மறந்து, உட்கார்ந்துவிட்டேன். அப்படியானால் இத்தனை வருஷமாக உன் வீட்டின் சத்தம் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. உங்கள் சமையலறைக் குழாய் எப்படிச் சொட்டும், உன் குழந்தை நடந்தால் தரை எப்படி அதிரும், அங்கே மழை எதன் மேல் விழுகிறது, எதுவும் எனக்குத் தெரியாது. நான் கூப்பிட்டதும் நீ தனி அறைக்குப் போய் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறாய் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். எதைக் கேட்டாலும் நீ "ம்" என்கிறாய். இரண்டு "ம்"முக்கு நடுவில் நீ பெருமூச்சு விட்டிருக்கலாம், மேஜையில் விரலால் தட்டியிருக்கலாம், மெதுவாகச் சிரித்திருக்கலாம். அதெல்லாம் அக்காவுக்குத் தேவையில்லை என்று ஒரு இயந்திரம் முடிவு செய்திருக்கிறது. என் புடவையில் நாற்காலியின் பச்சைக் கோடுகள் விழுந்ததோடு அன்றைய ஆராய்ச்சி முடிந்தது.

இப்போது கடைக்காரர் பழையதைத் திருப்பி எடுத்துக்கொண்டு வேறு தருகிறேன் என்கிறார். ஒன்று சின்னது, சாது, ஆனால் பாதி நாற்காலி அடிப்பதற்குள் காற்று தீர்ந்து மூச்சு வாங்க உட்கார்ந்துவிடும். இன்னொன்று இரண்டு மோட்டார் வைத்தது, எண்ணெய் வேண்டாம், காற்றும் போதும், ஆனால் அதன் சத்தம் சுவரைத் தாண்டுமா தாண்டாதா என்று அவருக்கே தெரியவில்லை. "ரெண்டு பேர் பக்கத்துல உக்காந்து பேசுற சத்தம்தாம்மா வரும்" என்றார். வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நம் வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு நாளாயிற்று. மாமா நல்ல மனுஷர்தான், ஆனால் கேட்டைப் பூட்டியாச்சா என்று கேட்டால் அன்றைய பேச்சு அவருக்கு முடிந்தது.

அதனால் நீ வா. போனில் வராதே, உடம்போடு வா. நர்ஸிடம் பேசிவிட்டேன். நீ அவள் அறையில் சுவரோரம் நிற்கலாம் என்று சொல்லிவிட்டாள். கடைக்காரர் இரண்டையும் வீட்டுக்கு அனுப்பிவைப்பார், நான் இந்தப் பக்கம் ஒவ்வொன்றாக ஓடவிடுவேன், நீ அங்கிருந்து போடு, நிறுத்து என்று கத்த வேண்டும். மலையும் கடலும் எங்கேயும் போய்விடாது, அடுத்த லீவுக்கும் அங்கேயேதான் இருக்கும். ஒரு நாளில் முடிகிற வேலை என்று நினைக்காதே, ஒரு வாரமாவது ஆகும். எப்படி ஆகும் என்று கேட்காதே, நான் ஆக்குவேன்.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைக்கு முத்தம். நீ நல்ல உடம்போடும், வெள்ளையான கட்டைவிரலோடும் நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வாசலில் வண்டி வந்து நின்றது. என் புலம்பலை எல்லாம் மாமா காதில் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நர்ஸையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய், அவளைக் கண்ணை மூடி நிற்கச் சொல்லி, ஒவ்வொன்றாக ஓடவிட்டு, இரண்டு மோட்டார் வைத்ததை வாங்கி வந்துவிட்டார். ஷெட்டில் அது இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நர்ஸ் தூங்குகிறாள். "இனிமே உன் தம்பியைத் தொந்தரவு பண்ண வேண்டாம் பாரு" என்று மாமா சிரித்துக்கொண்டே சொன்னார். இத்தனை நல்ல காரியம் செய்த மனுஷரிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏன் என்று தெரியாமல் பாவம் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஆகையால் மேலே எழுதிய எதுவும் இனிச் செல்லாது. கம்ப்ரசர் தேர்ந்தெடுக்க நீ வர வேண்டியதில்லை. வேறு காரணம் ஏதாவது கிடைக்குமா என்று வீட்டைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன், எல்லாம் சரியாகத்தான் ஓடுகிறது. சும்மா வாடா.