துரைக்கு நான் எழுதிக் கொடுத்த வார்த்தை

கெட்ட வார்த்தை பேசும் பழக்கம் எனக்கு இல்லை. இதைச் சொன்னால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். ஆயுளிலேயே ஒரே ஒரு கெட்ட வார்த்தையை இரண்டே இரண்டு தடவைதான் சொல்லியிருக்கிறேன். இரண்டும் ஒரே காலையில், தோட்டத்து ஆபீஸ் படியில் நின்று, நூற்றைம்பது பேர் கேட்கச் சொன்னவை. அந்த நூற்றைம்பதில் ஒருவர் என் அப்பா. அப்பா தொழிற்சாலையில் வேலை, மாதா கோயிலில் உபதேசியார். வீட்டில் 'சனியன்' என்று சொன்னாலே முழங்காலில் நிற்க வைப்பார்.

அப்போது எனக்கு இருபது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, தலவாக்கலைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்து ஆபீஸில் தற்காலிகமாக டைப் அடித்துக்கொண்டிருந்தேன். சிங்களப் பாடத்தில் எனக்கு ஏ சித்தி, முதல் தரத் தேர்ச்சி. அந்த ஏ-யைக் கிரீடமாக வைத்துக்கொண்டு திரிந்தேன். சந்தையில் கோவா, கரட் விற்கிறவரிடம்கூட இலக்கணச் சுத்தமான சிங்களத்தில் பேரம் பேசுவேன். (அவர் பாவம், தமிழில்தான் பதில் சொல்வார்.)

அந்தக் கிரீடத்துக்கு வந்தது கேடு.

பாக்கியக்கா எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நான்காவது காம்பிராவில் இருந்தாள். புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். ஒரு நாள் மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது கண்டாக்கு அவளைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். மலையில் எங்களையெல்லாம் மேய்க்கிற உத்தியோகத்தர் அவர்தான். பாக்கியக்கா பதில் பேசவில்லை. முதுகிலிருந்த கூடையை இறக்கி, கொழுந்தோடு அவர் தலையில் கவிழ்த்துவிட்டாள். மூக்குக்கண்ணாடிக்கு உள்ளேயும் கொழுந்து இருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

கண்டாக்கு, தன்னைத் தாக்கியதாக எழுதிக் கொடுத்துவிட்டார். விசாரணை வைத்தார்கள். குற்றம் என்று முடிந்தால் வேலைப் பதிவிலிருந்து பாக்கியக்காவின் பெயரை வெட்டிவிடுவார்கள். பெயர் போனால் காம்பிராவும் போகும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவள் எங்கே போவாள்?

துரை, அதாவது தோட்டத்து மானேஜர், தெற்குப் பக்கத்துச் சிங்களவர், வந்து இரண்டு மாதம். தமிழில் 'கொழுந்து', 'மழை', 'சீக்கிரம்' மூன்றும்தான் தெரியும். மொழிபெயர்க்க வேண்டிய பெரிய கிளார்க்கோ கண்டாக்கின் மச்சான். அவர் வேண்டாம் என்று தொழிற்சங்கத் தலைவர் ஒற்றைக்காலில் நின்றார். "நம்ம ஸ்டெல்லா இருக்கே, ஏ எடுத்த புள்ள" என்று யாரோ சொல்ல, நானும் பல்லைக் காட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

விசாரணையில் எல்லாம் நன்றாகத்தான் போனது, துரை ஒரு கேள்வியைக் கேட்கும்வரை.

"என்ன வார்த்தை?"

கண்டாக்கு முந்திக்கொண்டார். "ஒண்ணும் சொல்லல, சார். கொழுந்து முத்தல்னுதான் சொன்னேன்."

நான் பாக்கியக்காவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். "பொம்பளைய பாத்துச் சொல்லக் கூடாததச் சொன்னாருங்க."

"அதுதான் என்ன?"

"அத எப்புடிங்க வாயால சொல்றது?"

சாட்சிக்கு வந்த ஆறு பெண்களும் அதையே சொன்னார்கள். கெட்டது. மகா கெட்டது. காதால் கேட்க முடியாதது. ஒருத்தி காதைப் பொத்திக் காட்டினாள். துரை பேனாவை மேசையில் வைத்துவிட்டார். "வார்த்தை இல்லாமல் நான் எதை எழுதுவது? கொழுந்து முத்தல் என்றதற்கா கூடையைக் கவிழ்த்தாள்?" என்று என்னைக் கேட்டார். கண்டாக்கு காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்தார். அந்தச் சாய்வைப் பார்த்ததும்தான் எனக்கு விளங்கியது. ஆட்கள் வாய் திறக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தானே இந்த மனுஷன் வாயைத் திறந்திருக்கிறார்!

வார்த்தை எனக்குத் தெரியும். (லயத்தில் பிறந்தவளுக்குத் தெரியாதா என்ன.) ஆனால் நாக்கு எழும்பவில்லை. நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. பேனா மூடியைக் கழற்றினேன், மாட்டினேன், கழற்றினேன். "தாயோடு சம்பந்தப்பட்டது, சார்" என்றேன். "தாய்க்கு என்ன, சுகமில்லையா?" என்றார் துரை. "நடத்தையோடும் சம்பந்தப்பட்டது" என்றேன். "யாருடைய நடத்தை?" பாடப்புத்தகச் சிங்களத்தில் வயல் உழுகிற கமக்காரனும் குளக்கட்டும் உண்டு, இந்த ஒன்றுக்கு மட்டும் வழியே கிடையாது.

அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது. (செய்யாமலே இருந்திருக்கலாம்.) சொன்னால்தானே பாவம், எழுதினால்? ஒரு துண்டுக் கடதாசியை எடுத்து, அந்தத் தமிழ் வார்த்தையைச் சிங்கள எழுத்தில், முத்து முத்தாக எழுதி, துரையிடம் நீட்டினேன். பாவமும் இல்லை, பதிவும் ஆகிவிட்டது என்று நெஞ்சு நிமிர்ந்தது.

துரை அதை வாய்விட்டுப் படித்தார்.

அவருடையது எதிர் மலையில் நிற்கிறவனைக் கூப்பிடும் குரல். முதலில் ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். பிறகு சேர்த்துப் படித்தார். பிறகு, சரியாக உச்சரிக்கிறோமா என்ற சந்தேகத்தில், இன்னும் சத்தமாகப் படித்தார். நான் "சார், சார்" என்று எழும்புவதற்குள் பேனாவைப் பாக்கியக்காவை நோக்கி நீட்டி, 'இதுதானா சொன்னார்' என்று கேட்கத் தமிழ் போதாமல், "பாக்கியம்!" என்று கூப்பிட்டு, அந்த வார்த்தையை மட்டும் அழுத்தந்திருத்தமாகச் சொன்னார்.

ஜன்னல் திறந்திருந்தது. வெளியே, காலைப் பெரட்டில் பெயர் கொடுத்து முடிந்தும் மலைக்குப் போகாமல், தோட்டமே தீர்ப்புக்காகக் காத்து நின்றது.

எல்லாத் தலையும் ஜன்னல் பக்கம் திரும்பியது. பிறகு, "தொரையே சொல்லிட்டாருடியோவ்!" என்று ஒரு குரல். கூடைகள் தடதடவென்று தரையில் விழுந்தன. "வெளிய வரச் சொல்லு!" "யார பாத்து?" கண்ணாடி அதிர்ந்தது. தலைவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். துரை கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் என்ன செய்தேன்? நான் படித்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நல்ல மனுஷன், முகம் வெளுத்துவிட்டது.

"நீ எழுதினதுதானே, நீயே போய்ச் சொல்லு" என்று தலைவர் என்னைக் கதவுக்கு வெளியே தள்ளிவிட்டார்.

படியில் நின்றேன். தூறல். "தொரை திட்டலங்க! கண்டாக்கு சொன்னதத்தான் கேட்டாரு!" என்று கத்தினேன்.

"கண்டாக்கு சொன்னது வேற, தொரை சொன்னது வேறயா? கண்டாக்கு என்னா சொன்னாருன்னு நீ சொல்லு!"

"அதே வார்த்தைதாங்க!"

"எது?"

ஆபீஸ் கேட்டில் அப்பா நின்றார். தொழிற்சாலையிலிருந்து சத்தம் கேட்டு ஓடி வந்திருக்க வேண்டும். எனக்குப் பின்னால், கதவுக்குள்ளே, பாக்கியக்கா அழுகிற சத்தம். இதற்கு மேல் நின்றால் ஓடிவிடுவேன் என்று தெரிந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கண்டாக்கு சொன்ன வார்த்தையை, அவர் பெயரோடு சேர்த்து, அடிவயிற்றிலிருந்து சொன்னேன்.

கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. மாதாவே, முடிந்தது என்று மூச்சு விட்டேன்.

"தங்கச்சி, பின்னுக்கு நிக்கிறவங்களுக்குக் கேக்கல. இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன். அப்பா சிலுவை போட்டுக்கொண்டார்.

உள்ளே வந்தபோது துரை கண்டாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். சாய்ந்திருந்த மனுஷன் இப்போது நுனி நாற்காலியில் இருந்தார். "அர்த்தம் சொல்ல வேண்டாம். விளங்கிவிட்டது" என்றார் துரை.

கண்டாக்கு மன்னிப்புக் கேட்டார், மாதம் முடியுமுன் வேறு பிரிவுக்குப் போனார். பாக்கியக்காவுக்கு, கூடைக்காக ஓர் எச்சரிக்கைக் கடிதம் மட்டும். பெயரும் காம்பிராவும் தப்பின.

அன்றிரவு அப்பா ஜெபமாலையை முடித்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "சொன்னது சரிதான். ரெண்டாவது தடவ கொஞ்சம் மெதுவாச் சொல்லியிருக்கலாம்" என்றார். முழங்காலில் நிற்கச் சொல்லவில்லை.

என் தண்டனை வேறு வழியாக வந்தது. விசாரணை முடிவை டைப் அடித்தவள் நான்தான். துரையும் கடைசியில் அந்த வார்த்தையை எழுதக் கூசினார். 'ஆபீஸ் படியில் செல்வி ஸ்டெல்லா உரத்துக் கூறிய வார்த்தை' என்று எழுதச் சொன்னார். மூன்று மொழியிலும் அடித்து, அறிவிப்புப் பலகையில் என் கையாலேயே ஒட்டினேன்.

அதோடு அந்த வார்த்தைக்குப் பெயர் கிடைத்துவிட்டது. யாராவது திட்டினால், "என்னைய ஸ்டெல்லா சொல்லிட்டான்" என்று முறைப்பாடு வரும். பிள்ளைகளை, "ஸ்டெல்லா பேசுன, வாயில மொளகாத்தூள்" என்று மிரட்டுவார்கள். இப்போது நான் ஹட்டனில் சிங்களம் படிப்பிக்கிறேன். பஸ்ஸில் யாராவது அந்தக் கெட்ட வார்த்தையைச் சொன்னால் என் கணவர் விலாவில் இடித்து, "ஒன்னயத்தான் கூப்புடுறாங்க" என்பார். என் மகள் சின்ன வயதில், அம்மாவின் பெயரைக் கேட்டால் சொல்லவே வெட்கப்பட்டாள்.

எனக்கு இதில் எரிச்சல் இருந்தது. ஒளித்து வைத்ததை வெளியே கொண்டுவரப் போய், அதை மறுபடி ஒளித்து வைக்க என் பெயரையே கொடுத்துவிட்டேனே என்ற எரிச்சல்.

போன மாதம் பாக்கியக்கா எனக்குப் போன் எடுத்துப் பேசினாள். புதிதாக வந்த ஒரு கண்டாக்கு மடுவத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து வாயைத் திறந்தாராம். வரிசையில் நின்ற அத்தனை பேரும், "சத்தமாச் சொல்லுங்க! இல்லாட்டி ஸ்டெல்லாவக் கூப்புடுறோம், அது சொல்லும்!" என்றார்களாம். மனுஷன் வாயை மூடிக்கொண்டு தராசைப் பார்த்தாராம்.

"யாரு அந்த ஸ்டெல்லா, யூனியன்காரியான்னு கேட்டாரு புள்ள."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"எனக்கு வாய் வராத அன்னைக்கி என் வாயா இருந்த புள்ளன்னு சொன்னேன்."

வகுப்பில் நாற்பது பிள்ளைகள் காத்திருந்தார்கள். நான் வராந்தாவிலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.