தொண்ணூற்றெட்டு ஆக்டேன் விஷயமாக மாப்பிள்ளைக்கு

பேரன்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் காரும் நலம். அங்கு நீங்களும் என் மகளும் நலமாகவும், முடிந்தால் கோபம் ஆறியும் இருக்க விரும்புகிறேன்.

மூன்று ஞாயிறாக நீங்கள் இருவரும் வரவில்லை. அன்று சாப்பாட்டு மேசையில் பெட்ரோலின் ஆக்டேன் நம்பர் பற்றிப் பேச்சு வந்து, "ஆக்டேன்னா பலம் இல்ல மாமா" என்று நீங்கள் சொன்னதும், முப்பத்தாறு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்குத் தொண்ணூற்றொன்றைவிடத் தொண்ணூற்றெட்டு பெரிது என்று தெரியாதா என்று சுருக்கென்று கோபம் வந்து, பாதிச் சாப்பாட்டில் உங்களை எழுந்துபோக வைத்துவிட்டேன். மறுநாளே டேங்க் நிறையத் தொண்ணூற்றெட்டு போட்டு, உங்கள் அத்தையைச் சாட்சியாக முன்சீட்டில் உட்காரவைத்து மேம்பாலம் ஏறினால், பாதியில் ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போனார், போகிறவர் சும்மா போகாமல் "தள்ளணுமா ஐயா?" என்று வேறு கேட்டார்.

பெட்ரோலில் கலப்படம் என்று மெக்கானிக்கிடம் போய்க் குதித்தேன். அவர் பானெட்டைத் திறக்கக்கூட இல்லை.

"சார், இன்ஜின் உள்ள பெட்ரோலைப் போட்டு அமுக்கும். பொறி வர்ற வரைக்கும் அது கம்முனு இருக்கணும். முந்திரிக்கொட்டை மாதிரி முன்னாடியே வெடிச்சா இன்ஜின் டக்குடக்குனு அடிக்கும். எவ்வளவு அமுக்கினா தாங்கும்னு சொல்றதுதான் அந்த நம்பர். அது பலம் இல்ல சார், பொறுமை. உங்க வண்டிக்குத் தொண்ணூத்தொண்ணே தாராளம்."

"எங்க வீட்ல ஒண்ணு இருக்கு, அதுக்கு அம்பதுகூட வராது" என்றாள் உங்கள் அத்தை.

ஆகவே மாப்பிள்ளை, நீங்கள் சொன்னதே சரி. நான் சொன்னது தப்பு. இந்த இரண்டு வரிக்கு நாலு தாள் கிழித்தேன். மகள் வராத ஞாயிறு எனக்குப் பிடிக்கவில்லை, உங்கள் நாற்காலியில் யாரையும் உட்காரவும் விடவில்லை. இனி யார் எவ்வளவு அமுக்கினாலும் நான் நூறு. இந்த ஞாயிறு அவசியம் வரவும்.

இருவரும் டக்குடக்குச் சத்தமே இல்லாமல் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்

பி.கு.: நூலகத்தில் ஒரு புத்தகம் பார்த்தேன். நூறு வாங்குவது ஆக்டேன் என்று அன்று சொன்னீர்களே, அது தப்பு! நூறு வாங்குவது அதன் பங்காளி ஐசோ-ஆக்டேன். சாதா ஆக்டேன் தன் பேரில் நடக்கும் பரீட்சையிலேயே பூஜ்யத்துக்கும் கீழே. ஆக, நீங்களும் ஃபெயில். உறையை ஒட்டும்வரையாவது பொறுத்திருக்கலாம், முடியவில்லை. மறுப்பு ஏதும் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை நேரில் மட்டுமே ஏற்கப்படும். என் மகளையும் கூட்டிவரவும்.